உப்பும் இரும்பும்: அயன் பிணைப்பு, உலோகப் பிணைப்பு பற்றி முழுமையான வழிகாட்டி

அயன் பிணைப்பு என்றால் என்ன என்று மட்டக்களப்பிலோ கல்முனையிலோ எந்த ரியூஷன் வகுப்பில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "உலோகம் இலத்திரனைக் கொடுக்கும், அல்லுலோகம் வாங்கும்." வாய்ப்பாடு போல ஒப்புவிப்பார்கள். புள்ளியும் கிடைத்துவிடும். ஆனால் கொடுப்பதும் வாங்குவதும் பிணைப்பு அல்ல, பிணைப்புக்கு முன்னால் நடக்கும் வேலை. கொடுத்து வாங்கி முடிந்த பிறகு நேரேற்றமும் மறையேற்றமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றனவே, அந்த இழுவைதான் பிணைப்பு.

உலோகத்திலும் இதே இழுவைதான் வேலை செய்கிறது. அங்கேயும் ஒரு பக்கம் நேரேற்றம், மறுபக்கம் மறையேற்றம். அப்படியானால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அணுவிலிருந்து விடுபட்ட இலத்திரன் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது மட்டும்தான். இன்னோர் அணுவிடம் போய் அங்கேயே கட்டுப்பட்டுவிட்டால் அது அயன் பிணைப்பு. எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் துண்டு முழுவதும் உலாவினால் அது உலோகப் பிணைப்பு. இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் உருகுநிலை, மின்கடத்தல், நொறுங்குதல் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யாமலே எழுதலாம். சாதாரண தர மாணவருக்கு 3, 9 ஆம் படிகள் கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம். உயர்தரம் படிப்பவர்கள் அவற்றை வாசிக்காமல் விட வேண்டாம்.

படி 1: இலத்திரன் நிலையமைப்பை எழுதுங்கள்

ஒவ்வோர் ஓட்டிலும் எத்தனை இலத்திரன்கள் என்பதை உள்ளிருந்து வெளியே வரிசையாக எழுதுவதுதான் இது. முதல் 20 மூலகங்களுக்கும் தடங்கலின்றி எழுத வர வேண்டும். சோடியம் 2, 8, 1. மகனீசியம் 2, 8, 2. அலுமினியம் 2, 8, 3. குளோரீன் 2, 8, 7. ஒட்சிசன் 2, 6. இது வராவிட்டால் மேற்கொண்டு வாசிப்பதில் பயனில்லை. முதலில் இதை எழுதிப் பழகிவிட்டு வாருங்கள்.

படி 2: அயனாக்குங்கள்

கடைசி ஓட்டில் 1, 2 அல்லது 3 இலத்திரன்கள் இருக்கும் உலோகம் அவற்றை இழந்து நேரேற்றம் பெறும், அது கற்றயன். 5, 6 அல்லது 7 இருக்கும் அல்லுலோகம் எட்டாக நிரப்பிக்கொண்டு மறையேற்றம் பெறும், அது அன்னயன். சோடியத்துக்கு +1, மகனீசியத்துக்கு +2, அலுமினியத்துக்கு +3, ஒட்சிசனுக்கு −2, குளோரீனுக்கு −1.

இங்கே பருமனையும் கவனியுங்கள். சோடியம் அணுவின் ஆரை ஏறத்தாழ 186 பிக்கோமீற்றர். கடைசி ஓடே இல்லாமல் போனதும் அது 102 ஆகச் சுருங்குகிறது. குளோரைட்டு அயனோ 181. உப்பில் பெரியது குளோரைட்டு, சிறியது சோடியம். படம் கீறும்போது இரண்டையும் ஒரே அளவில் கீறுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

படி 3: சக்திக் கணக்கைப் பாருங்கள்

பெரும்பாலான குறிப்புகள் ஓடிக் கடந்துவிடும் இடம் இது. நான் இங்கேதான் அதிக நேரம் எடுப்பேன்.

"சோடியம் ஒரு இலத்திரனைக் கொடுக்க விரும்புகிறது" என்று சொல்லிக் கொடுக்கிறோம். உண்மையில் சோடியம் எதையும் விரும்பிக் கொடுப்பதில்லை. வாயு நிலையிலுள்ள ஒரு மூல் சோடியம் அணுக்களிலிருந்து ஆளுக்கொரு இலத்திரனைப் பிடுங்க 496 கிலோயூல் செலவாகும். அந்த இலத்திரனைக் குளோரீன் வாங்கும்போது திரும்ப வருவது 349 கிலோயூல் மட்டுமே. கொடுக்கல் வாங்கலை மட்டும் பார்த்தால் இது நட்டம்.

முழுக் கணக்கு இதோ. திண்ம சோடியத்தை வாயு அணுக்களாக்க 108. அதை அயனாக்க 496. குளோரீன் மூலக்கூறைப் பிரித்து ஒரு மூல் குளோரீன் அணுக்களைப் பெற 122. மொத்தச் செலவு 726 கிலோயூல். குளோரீன் இலத்திரனை ஏற்பதால் வரவு 349. இன்னும் 377 கிலோயூல் கடன் நிற்கிறது. இதை அடைப்பது யார்?

அயன்கள் ஒன்றுகூடித் திண்மமாக அடுக்கப்படும்போது வெளியாகும் 787 கிலோயூல். இதுதான் சாலகச் சக்தி; அயன்களின் ஒழுங்கான அடுக்கையே சாலகம் என்கிறோம். கடன் 377 போக 410 மிச்சம். அதனால்தான் சோடியமும் குளோரீனும் சேரும்போது வெப்பமும் வெளிச்சமும் பறக்கின்றன. உப்பை உருவாக்குவது எட்டு இலத்திரன் ஆசை இல்லை. எதிரெதிர் ஏற்றங்கள் நெருங்கி அடுக்கப்படுவதால் கிடைக்கும் பெரும் இலாபமே அதை உருவாக்குகிறது.

அப்படியானால் சோடியம் ஏன் இரண்டு இலத்திரன்களை இழந்து +2 ஆகி, இன்னும் கூடுதலான சாலகச் சக்தி பெறக்கூடாது? கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி. இரண்டாவது இலத்திரன் உள் ஓட்டிலிருந்து வரவேண்டும். அதற்கு 4562 கிலோயூல் தேவை. எந்தச் சாலகமும் அதை ஈடுகட்டாது. மகனீசியத்துக்கு முதலாவது 738, இரண்டாவது 1451. இரண்டும் வெளி ஓட்டு இலத்திரன்கள், தாங்கக்கூடிய செலவு. மூன்றாவதைத் தொட்டால் அங்கேயும் இதே கதைதான். "எட்டு இருந்தால் உறுதி" என்ற விதி மேலிருந்து வந்த சட்டமல்ல, இந்தக் கணக்கின் விளைவு.

படி 4: சாலகத்தைக் கீறுங்கள், மூலக்கூறை அழியுங்கள்

ஒரு சோடியத்துக்குப் பக்கத்தில் ஒரு குளோரீனைக் கீறி, இடையில் அம்புக்குறி போட்டு, "இதுதான் சோடியம் குளோரைட்டு மூலக்கூறு" என்று எழுதியிருந்தால் அதை அழித்துவிடுங்கள். கறியுப்பில் அப்படி ஒரு மூலக்கூறு கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனையும் ஆறு குளோரைட்டுகள் சூழ்ந்திருக்கின்றன: மேல், கீழ், இடம், வலம், முன், பின். ஒவ்வொரு குளோரைட்டையும் அதேபோல ஆறு சோடியங்கள். இந்த ஆறில் எது இலத்திரனைக் கொடுத்த சோடியம் என்று கேட்பதற்கே பொருளில்லை. ஏற்றத்துக்குத் திசை கிடையாது. எட்டிய எல்லாவற்றையும் எல்லாத் திசையிலும் இழுக்கும்.

பக்கம் 0.3 மில்லிமீற்றர் உள்ள ஒரு சின்ன உப்புப் பளிங்கை எடுத்தால் அதற்குள் ஏறத்தாழ 6 க்குப் பின்னால் 17 பூச்சியங்கள் போட்ட அளவு சோடியம் அயன்கள், அதே அளவு குளோரைட்டு அயன்கள். எல்லாம் ஒரே சாலகம். "ஒன்றுக்கு ஒன்று" என்ற சூத்திரம் விகிதத்தைத்தான் சொல்கிறது, சோடியை அல்ல.

இதைக் கண்டுபிடித்தவர்கள் தந்தை வில்லியம் ஹென்றி பிராக்கும் மகன் லோறன்ஸ் பிராக்கும். 1913 இல் எக்ஸ் கதிர்களைப் பளிங்கில் செலுத்தி அயன்களின் அடுக்கை வாசித்தார்கள். 1915 இல் இருவருக்கும் பௌதிகவியல் நோபல் பரிசு. மகனுக்கு அப்போது வயது 25. எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். 1927 இல்கூட ஹென்றி ஆம்ஸ்ட்ரோங் என்ற மூத்த ஆங்கிலேய இரசாயனவியலாளர் நேச்சர் சஞ்சிகைக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார். உப்பில் மூலக்கூறே இல்லை, சதுரங்கப் பலகை போல மாறி மாறி அடுக்கியிருக்கிறது என்பதை அவரால் சீரணிக்க முடியவில்லை. ஆகவே உங்களுக்கு இது முதல்முறை பிடிபடாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 5: சூத்திரம் எழுதுங்கள்

மொத்த ஏற்றம் பூச்சியமாக வேண்டும், அவ்வளவுதான். அலுமினியம் +3, ஒட்சிசன் −2 என்றால் அலுமினியம் இரண்டு, ஒட்சிசன் மூன்று. மகனீசியமும் குளோரீனும் என்றால் ஒன்றுக்கு இரண்டு.

சில அயன்கள் தாமே அணுக்கூட்டங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கல்சியம் ஐதரொட்சைட்டு. கல்சியத்துக்கும் ஐதரொட்சைட்டுக்கும் இடையில் அயன் பிணைப்பு; ஐதரொட்சைட்டுக்குள் ஒட்சிசனுக்கும் ஐதரசனுக்கும் இடையில் பங்கீட்டுப் பிணைப்பு, அதாவது இலத்திரன்களைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பு. ஒரே பொருளில் இரண்டு வகை இருக்கலாம் என்பதற்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் தேவையில்லை.

படி 6: உலோகத்துக்கு வாருங்கள்

இப்போது அல்லுலோகத்தை எடுத்துவிடுங்கள். சோடியம் அணுக்கள் மட்டும் கோடிக்கணக்கில் நெருக்கமாக இருக்கின்றன. கடைசி ஓட்டு இலத்திரனைத் தளர்வாகத்தான் பிடித்திருக்கின்றன. வாங்கிக்கொள்ள எவரும் இல்லை. என்ன நடக்கும்? ஊர்ப் பெண்கள் சேர்ந்து பிடிக்கும் சீட்டில் போல எல்லோரும் பொதுவில் போட்டுவிடுகிறார்கள். போட்ட பிறகு இந்த நோட்டு யாருடையது என்று எவரும் தேடுவதில்லை. நேர் அயன்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டு நிற்கின்றன. பொதுவில் விழுந்த இலத்திரன்கள் துண்டு முழுவதும் அலைகின்றன. பாடத்தில் இவற்றை ஓரிடப்பாடற்ற இலத்திரன்கள் என்றும், மொத்தமாக இலத்திரன் கடல் என்றும் சொல்வோம். நேர் அயன்களுக்கும் இந்தக் கடலுக்கும் இடையிலான கவர்ச்சியே உலோகப் பிணைப்பு.

கவனம்: உலோகத்தில் அன்னயன் கிடையாது. "உலோகத்தில் கற்றயன்களும் அன்னயன்களும் உள்ளன" என்று எழுதினால் முழுப் புள்ளியும் போய்விடும். மறையேற்றம் இலத்திரன்களிடம்தான் இருக்கிறது.

உலோகத்துக்குள் இலத்திரன்கள் வாயுத் துணிக்கைகளைப் போல அலைகின்றன என்று 1900 இல் முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜெர்மனியின் போல் துரூடே. அவருடைய கணக்கில் சில பகுதிகள் பிற்பாடு திருத்தப்பட்டன. பாடசாலை மட்டத்துக்கு அந்தப் படம் இன்றும் போதும்.

பிணைப்பின் வலிமையைத் தீர்மானிப்பவை இரண்டு: அணுவொன்று பொதுவில் போடும் இலத்திரன்களின் எண்ணிக்கை, அயனின் பருமன். சோடியம் 1, மகனீசியம் 2, அலுமினியம் 3. ஏற்றம் கூடுகிறது, அயன் சிறுக்கிறது, ஆகவே பிணைப்பு வலுக்க வேண்டும். உருகுநிலையைப் பார்த்தால் சோடியம் 98, மகனீசியம் 650, அலுமினியம் 660 பாகை செல்சியஸ். கடைசி இரண்டும் ஏறத்தாழ சமமாக இருக்கிறதே என்று யாராவது கேட்டால் பல ஆசிரியர்கள் தலையைச் சொறிவார்கள். பதில் எளிது. உருகும்போது உலோகப் பிணைப்பு முழுவதும் அறுவதில்லை, திரவத்திலும் அது இருக்கிறது. உண்மையான வலிமை தெரிய வேண்டுமானால் கொதிநிலையைப் பாருங்கள்: சோடியம் 883, மகனீசியம் 1090, அலுமினியம் ஏறத்தாழ 2500. இப்போது வரிசை தெளிவாக ஏறுகிறது.

தங்குதன் போன்ற தாண்டல் உலோகங்களில் உள் ஓட்டு இலத்திரன்களும் சேர்ந்துகொள்வதால் உருகுநிலை 3422 வரை போகிறது. மறுமுனையில் இரசம் −39 பாகையிலேயே உருகிவிடும். "உலோகம் என்றால் உயர்ந்த உருகுநிலை" என்று பொத்தாம் பொதுவாக எழுத வேண்டாம்.

படி 7: இயல்புகளுக்கு ஒரே கேள்வி

ஏற்றமுள்ள துணிக்கைகளில் எது நகரும், எது நகராது? இந்தக் கேள்வியைப் போடுங்கள்.

மின்கடத்தல். உலோகத்தில் இலத்திரன் எப்போதும் நகரும். திண்மமோ திரவமோ கடத்தும். திண்ம உப்பில் அயன்கள் இடத்தை விட்டு அசையாது, கடத்தாது. உருக்கினாலோ நீரில் கரைத்தாலோ அயன்கள் விடுபட்டு நகரும், கடத்தும். இதிலே ஒரு நுணுக்கம் உண்டு. செம்புக் கம்பியில் மின் ஓடி முடிந்த பிறகும் செம்பு செம்பாகவே இருக்கும். உப்புக் கரைசலில் ஓடினால் மின்வாய்களில் இரசாயன மாற்றம் நடந்து வாயுக் குமிழிகள் வரும். நீருக்குள் இலத்திரன் நீந்திப் போவதில்லை, அயன்கள்தான் போகின்றன.

நொறுங்குதல். கல்லுப்பைச் சுத்தியலால் தட்டுங்கள். அயன் வரிசை ஒன்று ஓரிடம் தள்ளிப்போனால் நேருக்கு எதிரே நேரும் மறைக்கு எதிரே மறையும் வந்து நிற்கும். தள்ளுவிசை பிறந்து பளிங்கு தட்டையான முகங்களோடு பிளக்கும். செம்புக் கம்பியைத் தட்டினால் நேர் அயன் வரிசை நகரும், ஆனால் இலத்திரன் கடல் கூடவே நகர்ந்து இடையில் நிற்கும். பிணைப்பு அறாது, கம்பி தட்டையாகும்.

கலப்புலோகம். நகைக்கடையில் 916 என்று முத்திரை குத்திய 22 கரட் தங்கத்தில் ஆயிரத்தில் 916 பங்குதான் தங்கம். மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். வேறு பருமனுள்ள அணுக்கள் இடையில் வந்தால் வரிசைகள் இலகுவில் வழுக்காது. ஆகவே சுத்தத் தங்கத்தைவிடக் கடினம். தாலிக்கொடி நாளாந்தம் தேய்வதைத் தாங்க இது வேண்டும்.

உருகுநிலை. உப்புக்கு 801 பாகை. சோடியம் புளோரைட்டு 993, புரோமைட்டு 747, அயடைட்டு 661: அன்னயன் பெரிதாகப் பெரிதாக இடைவெளி கூடி இழுவை தளர்கிறது. மகனீசியம் ஒட்சைட்டில் ஏற்றம் இரட்டிக்கு இரட்டி, இடைவெளியும் குறைவு. சாலகச் சக்தி உப்பினதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு, உருகுநிலை 2852. உலைகளின் உட்சுவர்க் கற்களுக்கு அதைப் பயன்படுத்துவது இதனால்தான்.

படி 8: வீட்டிலேயே சோதியுங்கள்

தேவையானவை: 9 வோல்ற்று பற்றரி ஒன்று, சிவப்பு எல்ஈடி ஒன்று, 470 ஓம் தடை ஒன்று, இரு முனையும் சீவிய பென்சில் இரண்டு, கொஞ்சம் வயர். ரேடியோ திருத்தும் கடையில் எல்லாம் கிடைக்கும். இரண்டு டோர்ச் பற்றரியோடு முயன்றால் உப்புக் கரைசலில் எல்ஈடி ஒளிராது. 3 வோல்ற்று எல்ஈடிக்கும் மின்பகுப்புக்கும் சேர்த்துப் போதாது. வீட்டு மின்சாரத்தை எந்தக் காரணத்துக்கும் தொடக்கூடாது.

பற்றரி, தடை, எல்ஈடி, பென்சில்கள் எல்லாவற்றையும் ஒரே தொடராக இணையுங்கள். எல்ஈடியின் நீண்ட கால் நேர்முனைப் பக்கம். இரண்டு பென்சில் முனைகளும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் இருக்கட்டும்.

முதலில் கரண்டி, செம்பு வயர், அலுமினியத் தாள். ஒளிரும். பிறகு உலர்ந்த உப்பு. ஒளிரக்கூடாது. எங்கள் கரையோரக் காற்றில் உப்பு ஈரம் பிடித்திருக்கும். சுத்தமான உப்பே காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசியத் தொடங்கும், கல்லுப்பில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டு அதற்கு முன்பே நீரை இழுக்கும். ஆகவே சட்டியில் வறுத்து ஆறவிட்டுச் சோதியுங்கள்.

அடுத்து கரைசல்கள். எல்லாவற்றுக்கும் வாகன பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையே பாவியுங்கள். கிணற்று நீரில் ஏற்கெனவே அயன்கள் இருக்கும். உப்பு, சீனி, வயலுக்கு வீசும் எம்ஓபி, யூரியா என்று நான்கு கோப்பைகள். எம்ஓபி என்பது பொற்றாசியம் குளோரைட்டு. உப்பைப் போலவே நன்றாக ஒளிரும். யூரியாவும் வெள்ளையாக, நீரில் இலகுவாகக் கரையும் பொருள்தான். ஆனால் மூலக்கூறுகளாகவே கரைகிறது, சீனியைப் போல. ஒளிராது, அல்லது மாசு காரணமாக மிக மங்கலாக ஒளிரும். அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு உரமும் வீட்டு மூலையிலேயே இருக்கும். கரைவதும் கடத்துவதும் வேறு வேறு என்பதை இந்த இரண்டு கோப்பைகளும் காட்டிவிடும். சோதித்த பிறகு கையைக் கழுவுங்கள்.

உப்புக் கரைசலில் சில விநாடிகளுக்கு மேல் விடவேண்டாம். நேர்முனையில் வெளுக்கும் தூள் மணம் வரும், அது குளோரீன். சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

விருப்பமிருந்தால் கடலோடு தொடர்புள்ள மட்டக்களப்பு வாவியின் நீரையும் எடுத்துப் பாருங்கள். ஆடி, ஆவணியில் எடுத்த நீருக்கும், மார்கழி மழை வெள்ளம் இறங்கிய பிறகு எடுத்த நீருக்கும் உப்புச் செறிவு வேறு. எல்ஈடியில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். மல்ட்டிமீற்றர் வைத்து ஓட்டத்தை அளந்தால் தெரியும்.

படி 9: விதி தளரும் இடங்கள்

பிணைப்பிலுள்ள இலத்திரன்களை ஓர் அணு தன் பக்கம் இழுக்கும் திறனை மின்னெதிர்த்தன்மை என்கிறோம். இரண்டு அணுக்களின் மின்னெதிர்த்தன்மை வித்தியாசம் 1.7 ஐத் தாண்டினால் அயன் பிணைப்பு என்பார்கள். உப்புக்கு 3.16 இலிருந்து 0.93 ஐக் கழித்தால் 2.23, சரி. ஆனால் ஐதரசன் புளோரைட்டுக்கு 1.78 வருகிறது, அது பங்கீட்டு மூலக்கூறு. அலுமினியம் குளோரைட்டுக்கு 1.55, உலோகமும் அல்லுலோகமும் சேர்ந்தும் பங்கீட்டுத் தன்மையே மேலோங்குகிறது. சிறிய, ஏற்றம் கூடிய அலுமினியம் அயன் பெரிய குளோரைட்டின் இலத்திரன் முகிலைத் தன் பக்கம் இழுத்துக் குலைத்துவிடுகிறது. 1.7 ஐ ஒரு கைகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 10: விடை எழுதும் முறை

காரணம் கேட்கும் வினாவுக்கு மூன்று விடயங்கள் வேண்டும்: எந்தத் துணிக்கைகள், அவற்றுக்கிடையே எந்தக் கவர்ச்சி, அதனால் என்ன. "உப்புக்கு உருகுநிலை உயர்வு, ஏனெனில் வலிமையான பிணைப்பு" என்பது அரைவிடை. "எதிரெதிர் ஏற்றமுள்ள சோடியம், குளோரைட்டு அயன்களுக்கிடையே சாலகம் முழுவதும் வலிமையான மின்கவர்ச்சி உள்ளது, அதை மேற்கொள்ள அதிக சக்தி தேவை" என்பது முழுவிடை.

ஒரு பயிற்சி வினா: மட்டக்களப்பில் கல்லடிப் பழைய இரும்புப் பாலம் கடலுக்குக் கிட்ட, வாவியின் மேல் நிற்கிறது. உள்நாட்டு இரும்பைவிடக் கடலோர இரும்பு வேகமாகத் துருப்பிடிப்பது ஏன்?

"உப்பு இரும்பை அரிக்கிறது" என்று எழுதினால் புள்ளி வராது. இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் இலத்திரனை இழந்து அயனாகி நீர்ப்படலத்துக்குள் இறங்குகின்றன. அந்த இலத்திரன்கள் உலோகத்தின் ஊடாக வேறோர் இடத்துக்குப் போய் ஒட்சிசனையும் நீரையும் ஐதரொட்சைட்டு அயன்களாக மாற்றுகின்றன. சுற்று முழுமையாக வேண்டுமானால் மேலே படிந்த நீர்ப்படலத்தின் ஊடாகவும் ஏற்றம் நகர வேண்டும். மழைநீர்ப் படலத்தில் அயன்கள் குறைவு, ஆகவே வேகமும் குறைவு. கடற்காற்று கொண்டுவந்த உப்பு அதில் கரைந்ததும் சோடியம், குளோரைட்டு அயன்கள் ஏற்றத்தைச் சுமக்கின்றன, துரு வேகமாகிறது. இரும்புக்குள் நகர்வது இலத்திரன், நீருக்குள் நகர்வது அயன். இரண்டையும் பிரித்து எழுதியவருக்கு முழுப் புள்ளி.